இருபத்து நான்கு சட்டைப் பைகள்

அன்புள்ள தம்பிக்கு,

என் மானம் போன கதையை நீ வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். போன மாதம் பங்குச்சாமியாரைப் பார்க்கப் போனேன். இந்த வருஷம் திருவருகைக் காலம் எந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவதுதான் உத்தேசம். பேச்சோடு பேச்சாக, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமும் பூசைக்கு ஊதா அங்கி போடுகிறார்களே, அதில் மூன்றாவது வாரம் மட்டும் ஏன் ரோஸ் கலர் என்று சாமியாருக்கே நான் விளக்கம் சொல்லிவிட்டேன். "நாலு வாரமும் ஒரே அங்கிய போட்டா அழுக்காயிரும்ல சாமி. அதான் நடுவுல வெளுக்கப் போட்டுட்டு ரோஸ எடுத்துக்கிறீங்க" என்றேன். சாமியார் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். அவருக்கு ஒத்தாசையாக நின்ற கோயில் உபதேசியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஐயா, வருசா வருசம் இந்த ரெண்டு அங்கிக்கும் கரை மடிச்சுக் குடுக்கிறது நீங்கதான?" என்று சாமியார் கேட்டார். "மடிச்சுக் குடுப்பேன் சாமி. ஏன் எதுக்குன்னு கேட்டதில்ல" என்றேன். பாதிக் காத்திருப்பு முடிந்தது, இனி கொஞ்ச நாள்தான் என்று சந்தோஷப்படுகிற நிறமாம் அது. நாற்பது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவனுக்கு ஒரு நிறத்தின் அர்த்தம் தெரியவில்லை. உபதேசியார் இதைத் தனக்குள் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. இப்போது பாட்டுக்குழுப் பிள்ளைகள் என்னைக் கண்டால், "தாத்தா, அங்கி வெளுத்து வந்துருச்சா?" என்று கேட்கிறார்கள். வந்துவிட்டது, இஸ்திரிதான் போடவேண்டும் என்று நானும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நான் அங்கே போனது உன் மெசேஜால்தான். ஷார்ஜாவிலிருந்து நீ ஒரு படம் அனுப்பி, அதன் கீழே, "இத மாதிரி தைக்க முடியுமாப்பா? ஜெனி கேக்குறா" என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவிடம் அதை நான்கு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஐந்தாவது தடவை ஆரம்பிக்கும்போது, "எனக்கும் கண்ணு தெரியும், குடுங்க இங்கிட்டு" என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். உனக்குப் பதின்மூன்று வயது ஆனதிலிருந்து நீ என்னிடம் ஒரு பட்டன்கூட வைத்துத் தரச் சொன்னதில்லை. இருபது வருஷம். பள்ளிக்கூட யூனிஃபாரத்தைக்கூட அறந்தாங்கியில் ரெடிமேடாக வாங்கித் தரச் சொல்லி அம்மாவிடம் அடம்பிடித்த பையன் நீ. தையல்காரன் மகன் ரெடிமேட் போடுவதை ஊரே பார்த்தது. அப்படிப்பட்ட உன்னிடமிருந்து, 'தைக்க முடியுமாப்பா' என்று வந்தால், நான் நான்கு தடவை படிக்காமல் என்ன செய்வேன்?

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. நான் தைத்ததைப் பார்த்துவிட்டுப் போன சாமியார், கோயிலில் அச்சடித்துக் கொடுக்கிற பங்கு மடலின் கிறிஸ்துமஸ் இதழில் அதைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். எழுதுவதும் நானும் எலியும் பூனையும் என்று அவருக்குத் தெரியாது. பத்தாவதில் கணக்கோடு தமிழையும் சேர்த்துக் கோட்டைவிட்டவன் நான். ஆனாலும் சரி என்று ஒத்துக்கொண்டேன். ஊரும் படிக்கிற மாதிரி உனக்கு எழுதவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

ஊர்க்காரர்களுக்காக முதலில் என் பேத்தி ஜெனி கேட்டது என்னவென்று சொல்லிவிடுகிறேன். திருவருகைக்கால நாட்காட்டி என்று சாமியார் பெயர் சொன்னார். நம் வீட்டுச் சுவரில் தினம் ஒரு தாள் கிழிக்கிறோமே, அதைப்போலத்தான். ஆனால் இதில் எதையும் கிழிப்பதில்லை, திறப்பது மட்டும்தான். டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து இருபத்து நான்கு வரைக்கும் நாளுக்கு ஒரு பை. ஒவ்வொரு பைக்குள்ளும் சின்னதாக ஏதாவது ஒரு பொருள். பிள்ளை காலையில் எழுந்து அன்றைய பையில் கைவிட்டு அதை எடுக்கவேண்டும். இப்படியே ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டுபோனால் பாலன் இயேசு பிறந்துவிடுவார். திருவருகைக் காலம் வருஷத்துக்கு வருஷம் நீளமும் குட்டையுமாக வரும், ஆளுக்கு ஆள் சட்டை அளவு மாறுகிற மாதிரி. அதனால் எத்தனை பை வைப்பது என்று எனக்குக் குழப்பம். "புள்ள கேட்ட படத்துல எத்தனை இருக்கோ அத்தனை வைங்க, சாமி கோவிச்சுக்க மாட்டாரு" என்று அந்தச் சாமியாரே தீர்த்துவைத்தார்.

நீ அனுப்பின படத்தில் தொங்கினது ஃபெல்ட் என்கிற தடித்த துணியில் ஒட்டின பைகள். எனக்கு அந்த வேலை தெரியாது. எனக்குத் தெரிந்தது சட்டைப் பை. கண்ணை மூடிக்கொண்டு தைப்பேன். ஆகவே இருபத்து நான்கு சட்டைப் பைகளாகவே தைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வெட்டுத்துணி மூட்டையைப் பிரித்துக் கொட்டினேன். பள்ளிக்கூடத்து நீலம், பஸ் டிரைவர் காக்கி, பாட்டுக்குழுவின் மஞ்சள், நம் வார்டு மெம்பரின் வெள்ளை, மருமகள் ரீட்டா இங்கே வந்திருந்தபோது அவளுக்குத் தைத்த சுடிதாரில் மிச்சமான பச்சை. ஒவ்வொன்றிலும் ஒரு கை அகலம் கிடைத்தால் போதும். காடாத்துணியைப் பின்னால் கொடுத்து, ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு என்று பைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் எண்ணை வெள்ளை நூலால் போட்டேன்.

அங்கேதான் முதல் கோளாறு. படத்தில் எண்கள் தாறுமாறாகக் கிடந்தன. ஒன்றுக்குப் பக்கத்தில் பதினேழு, அதற்குக் கீழே நான்கு. எந்த நாட்டுக்காரனோ அவசரத்தில் மாற்றி ஒட்டிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு நான் ஒன்றிலிருந்து இருபத்து நான்கு வரைக்கும் அளவு டேப்பில் இருக்கிற மாதிரி வரிசையாகத் தைத்துவிட்டேன். உன் அம்மாவிடம் பெருமையாக, "அவன் தப்ப நான் திருத்திட்டேன் பாத்தியா" என்றேன். அவள் ரீட்டாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினாள். அந்தப் பக்கம் ரீட்டா சிரிக்கலாமா வேண்டாமா என்று மருமகளுக்குரிய சங்கடத்தில் இருந்தது எனக்குத் தெரிந்தது. "மாமா, அது அப்புடித்தான் இருக்கணும். எங்க இருக்குன்னு புள்ள தேடணும்ல, அதான் வெளையாட்டே" என்றாள். போனை வைத்ததும் உன் அம்மா, "ஒலகத்துல எல்லாரும் தப்பா பண்ணுவாங்க, இவரு ஒருத்தருதான் திருத்த வந்திருக்காரு" என்றாள். இருபத்து நான்கு எண்களையும் பிரித்துக் கலைத்து மறுபடி தைத்தேன். தைப்பதைவிடப் பிரிப்பதுதான் கஷ்டம் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

உள்ளே வைக்கிற சாமானுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் அலைந்தோம். சாக்லேட் அங்கேயே கிடைக்கும், அதை எதற்கு இங்கிருந்து அனுப்புவது? உன் அம்மா ஆவூர்ப் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போய், கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற களிமண் ஆடு இரண்டு வாங்கிவந்தாள். அதில் ஒன்றுக்குக் கால் குட்டை, நாய் மாதிரி இருந்தது. ஜெனி நாய் என்றே நினைத்துக்கொள்ளட்டும், இடையனுக்கு நாயும் வேண்டும்தானே. ஓலையில் முடைந்த நட்சத்திரம், கடையில் இருந்ததிலேயே பெரிய கோட்டுப் பட்டன், அரிமளத்துக்குப் போன மினிபஸ் டிக்கெட், புளியங்கொட்டை ஐந்து, வைக்கோல் ஒரு பிடி, நீ கோயிலில் முதல் நன்மை வாங்கினபோது எடுத்த போட்டோவின் சின்னப் பிரதி. கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் பாத்திமா அக்காவிடம் ஒரு சிப்பி கேட்டிருந்தேன். "ஒங்க பேத்திக்குன்னு சொன்னீகளே, கூரு இல்லாததா பாத்து எடுத்தேன், கைய கிழிச்சிரக் கூடாதுல்ல" என்று ஏழு சிப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஏழும் ஒரே பைக்குள் போய்விட்டன. பன்னிரண்டாம் தேதி மட்டும் பை கொஞ்சம் தொப்பையோடு இருப்பது அதனால்தான்.

இரண்டாவது கோளாறு இதைவிடப் பெரியது. கூரியரில் தூக்கி எறிவார்கள், உள்ளே இருப்பது எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும் என்று பயந்து, ஒவ்வொரு பையின் மேல்பக்கத்தையும் தைத்து மூடினேன். ஓட்டுத் தையலாக இரண்டு இழை கொடுத்திருக்கவேண்டும், இழுத்தால் வந்துவிடும். கை சும்மா இருக்குமா? பழக்கத்தில் மிஷினில் கொடுத்து, இரண்டு மூலையிலும் பின்னால் போய் அடித்து, நன்றாக இறுக்கிவிட்டேன். அப்போது எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. நல்ல வேலை செய்தோம் என்றுதான் இருந்தது. அறந்தாங்கியில் கூரியர் கவுண்டரில் இருந்த பெண் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க ஐட்டம் இது?" என்றாள். "பாக்கெட்" என்றேன். "என்ன பாக்கெட்?" "சட்டைப் பாக்கெட்." "சட்டை எங்க?" "சட்டை இல்ல." எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "பையன் வெளிநாட்டுல இருக்கானுங்களா, பாக்கெட் மட்டும் போதும்னுட்டானா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். துணி அலங்காரப் பொருள் என்று எழுதி அந்தப் பெண் அனுப்பிவிட்டாள்.

இனி நான் எழுதவேண்டியதற்கு வருகிறேன். சிரிக்கிற மாதிரி எழுதிக்கொண்டே போனால் இதைச் சொல்லாமலே முடித்துவிடுவேன். நான் அப்படிப்பட்டவன்தான் என்று உனக்குத் தெரியும்.

நம் ஊரில் திருவருகைக் காலம் என்றால் மற்றவர்களுக்கு ஜெபமும் தவமும். நமக்கு அது தையல் சீசன். டிசம்பர் பிறந்துவிட்டால் உன் அப்பனுக்கு முகம் கிடையாது, முதுகு மட்டும்தான். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்து, தப்பாகத் தைத்ததையும் பெரிசாக்க வேண்டியதையும் பிளேடால் பிரித்துக் கொடுப்பாய். துணியில் கீறல் விழாமல் ஒரு இழை விட்டு ஒரு இழை அறுக்கிற கை உனக்கு ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது. வேலை செய்துகொண்டே, "எனக்கு எப்பப்பா தைப்பீங்க?" என்று கேட்பாய். "இத முடிச்சுக் குடுத்துட்டு தைக்கிறேன்" என்பேன். மறுநாளும் கேட்பாய், மறுநாளும் அதையே சொல்வேன். ஊருக்கெல்லாம் முடித்துக் கொடுத்த பிறகுதான் சொந்தப் பிள்ளை என்பது ஏதோ பெரிய தொழில் தர்மம் என்று நான் நினைத்திருந்தேன். தர்மம் ஒன்றுமில்லை. ஊர்க்காரன் கோபித்துக்கொள்வான், நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். அவ்வளவுதான் கணக்கு.

உனக்குப் பதின்மூன்று வயதான அந்த வருஷம் நான் அளவுக்கு மீறி ஒப்புக்கொண்டேன். பாட்டுக்குழு, இளைஞர் மன்றம், அதற்கு மேல் வீட்டுச் சட்டைகள். கிறிஸ்துமஸ் அன்று காலையில் உன் துணி வெட்டப்படாமல் அலமாரியிலேயே இருந்தது. அம்மாவும் அக்காவும் முந்தின பூசைக்கே போய்விட்டார்கள். என்னோடு காலைப் பூசைக்கு வருவதற்காக நீ குளித்துத் தலைசீவி, பனியனோடு கடை வாசலில் நின்றாய். நீ எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆணியில் சவரிமுத்து தன் மகனுக்குத் தைக்கக் கொடுத்த சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் திருச்சியில் சவரிமுத்துவின் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார்கள், புதுவருஷத்துக்குத்தான் வருவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் மகனும் உன் உயரம்தான். நான் அந்தச் சட்டையை எடுத்து, "இந்தாய்யா, ஒனக்குத்தான் தைச்சேன்" என்று சொல்லி உனக்குப் போட்டுவிட்டேன். பட்டனும் நானே போட்டேன். நீ காலரை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

கோயில் வாசலில், மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் சவரிமுத்து நின்றார். முதல் பஸ்ஸில் வந்திருந்தார். பக்கத்தில் அவர் மகன், பழைய சட்டையோடு. "என்ன மாப்ள, எம் மகனுக்கு எடுத்த துணி ஒம் மகன் மேல கெடக்கு?" என்று கேட்டார். சத்தமாகத்தான் கேட்டார், கேட்கவேண்டியவர்தான். பூசைக்கு வந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. தையல்காரன் என்றாலே துணியை அமுக்குகிறவன் என்று ஊரில் ஒரு சந்தேகம் எப்போதும் இருக்கும். ஒருத்தன் வாயிலிருந்து அது வெளியே வந்துவிட்டால் அடுத்த வருஷம் கடைக்குத் துணி வராது. அந்த ஒரு நொடியில் நான் கடையை நினைத்தேன். சிரித்துக்கொண்டே, "தைச்சு மாட்டி வச்சிருந்தேன் மச்சான். இந்தப் பய கேக்காம எடுத்துப் போட்டுக்கிட்டு வந்துட்டான் போல" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். 'நீங்கதானப்பா குடுத்தீங்க' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கேயே சட்டையைக் கழற்றி, காலர் மேலே இருக்கும்படி, நான் கடையில் மடிக்கச் சொல்லிக்கொடுத்த மாதிரியே மடித்து, சவரிமுத்துவின் மகன் கையில் கொடுத்துவிட்டு, பனியனோடு வீட்டுக்கு நடந்தாய். நான் உன் பின்னால் வரவில்லை. நான் உள்ளே போய்ப் பூசை பார்த்தேன். செய்ததிலேயே எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான் தம்பி. பொய்கூட பயத்தில் வந்தது என்று சொல்லிக்கொள்வேன். ஒரு மணி நேரம் முட்டி போட்டிருந்ததற்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நீ சொல்லித்தான் தெரிந்ததா, என் முகத்தைப் பார்த்துத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. "கடைக்கு நல்ல பேரு வாங்கிட்டீங்க. புள்ளைக்கும் ஒரு பேரு வாங்கிக் குடுத்துட்டீங்க" என்றாள். அப்படியே ஆயிற்று. அடுத்த வருஷம் நீ ரெடிமேட் சட்டையோடு கோயிலுக்கு வந்தபோது யாரோ ஒருவர், "இந்த வருசம் யாரு சட்டை தம்பி?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். அதற்கடுத்த வருஷம் வேறு ஒருவர். நீ புதுக்கோட்டையில் ஐடிஐ படிக்கும்போதும் கேட்டார்கள். கேட்டவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை, நீ பதில் சொல்லாமல் போனதால் அது உன்னைக் குத்தவில்லை என்று நினைத்துவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். சில சமயம் நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஏசி மெக்கானிக்காக ஷார்ஜாவுக்குப் போன பிறகு நீ ஒரு கிறிஸ்துமஸுக்கும் ஊருக்கு வரவில்லை. மே மாதம் வருவாய், திருவிழாவுக்கு வருவாய், யாராவது செத்தால் அடுத்த விமானத்தில் வருவாய். டிசம்பரில் மட்டும் லீவு கிடைக்காது. உன் கல்யாணத்துக்கு உன் கூட்டாளிகள் எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரிச் சட்டை தைத்தேன், உன் கோட்டு திருச்சியில் கடையில் வாங்கியது. அன்றைக்குப் பீடத்துக்கு முன்னால் நீ நின்றபோது உன் பின்னால் உட்கார்ந்து, தோள் பதினெட்டரை, கை இருபத்து நாலரை என்று கண்ணாலேயே அளவெடுத்துக்கொண்டிருந்தேன். வாக்குறுதி சொன்னது என் காதில் விழவில்லை. அளவு மட்டும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது பைகளுக்கு வருகிறேன். பார்சல் முப்பதாம் தேதி வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் நீ வீடியோவில் கூப்பிட்டாய். ஜெனி உன் மடியில். அவள் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுப் பையில் கைவிடப் பார்க்கிறாள், கை போகவில்லை. "தாத்தா, இது லாக் பண்ணிருக்கு" என்றாள். எனக்கு அப்போதுதான் நான் செய்து வைத்திருக்கிற காரியம் புரிந்தது. பிள்ளை திறப்பதற்காகத் தைத்ததைப் பிள்ளையால் திறக்கவே முடியாதபடி தைத்து அனுப்பியிருக்கிறேன். "எல்லாத்தையும் ஒரேயடியா பிரிச்சு விட்ருய்யா" என்றேன். நீ எழுந்து போய் ஒரு பிளேடு எடுத்துவந்தாய். அந்த ஒரு பையை மட்டும், ஒரு இழை விட்டு ஒரு இழை, துணியில் கீறல் இல்லாமல் பிரித்தாய். பிறகு, "தெனமும் ஒண்ணு பிரிச்சுக்கலாம்ப்பா. டூட்டிக்கு போறதுக்கு முன்னாடி நேரம் இருக்கு" என்றாய்.

அன்றிலிருந்து தினமும் பார்க்கிறேன். நீ காலை ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்காருகிறாய், ஜெனி மடியில் ஏறுகிறாள், பிளேடு பக்கத்தில் அவள் விரல் வராமல் உன் இடது கையால் மூடிக்கொண்டு பிரிக்கிறாய். ரீட்டா போனைப் பிடித்துக்கொள்கிறாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ நீ பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல், "இன்னும் மூலையில ரெண்டு தடவ பின்னாடி போய்த்தான் அடிக்கிறீங்க" என்றாய். இருபது வருஷமாக என் தையலை நீ தொடவில்லை. ஆனாலும் அது உனக்கு மறக்கவில்லை. எனக்கு என்னென்னவோ பேசவேண்டும்போல இருந்தது. "புள்ள கை, பாத்து" என்று மட்டும் சொன்னேன்.

உனக்கு அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை. அப்பன் என்ற உத்தியோகத்தில் அது ஒரு கட்டாய வேலை என்பதால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஓவர்டைம் வந்தால் செய், வீட்டுக்கு வேண்டும். ஆனால் ஜெனியிடம், 'இத முடிச்சுட்டு வாரேன்' என்று மட்டும் சொல்லாதே. முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடு, அவள் அழுதுவிட்டு விளையாடப் போய்விடுவாள். முடித்துவிட்டு வருகிறேன் என்றால் அவள் வாசலில் நிற்பாள். நிற்கிற பிள்ளைக்குக் கொடுக்க நம் கையில் அப்போது ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாதபோதுதான் மனுஷன் அடுத்தவன் ஆணியில் தொங்குவதை எடுக்கிறான்.

போன ஞாயிறு, அதுதான் ரோஸ் கலர் ஞாயிறு, ஜெனி பைக்குள்ளிருந்து களிமண் ஆட்டை எடுத்தாள். உடனே நாய் என்றுதான் சொன்னாள். இது எங்கே நிற்கும் என்று கேட்டாள். நம் கோயிலில் போடுகிற குடிலை நான் போனில் காட்டினேன். மூங்கில் கட்டி, மணல் கொட்டி, பாதி வேலை முடிந்திருந்தது. அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, நாங்க ஏன் கிறிஸ்துமஸுக்கு அங்க வர்றதே இல்ல?" என்று கேட்டாள். ரீட்டா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். நீ பிளேடைத் தாளில் சுற்றிக்கொண்டே, "லீவு கெடைக்கலடா செல்லம்" என்றாய். அவள் உன்னை நம்பவில்லை, என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்லவேண்டிய இடம் அது. "ஆமாத்தா, கடல் தாண்டி வரணும்ல" என்றேன். மறுபடியும், தம்பி. இந்த வயதிலும். கேட்டது ஐந்து வயதுப் பிள்ளை, இந்தத் தடவை இழப்பதற்குக் கடைகூடப் பெரிசாக இல்லை, இருந்தும் நான் தப்பித்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே சாமியாரிடம் போய், எழுதித் தருகிறேன், ஆனால் ஒரு எழுத்தும் மாற்றாமல் போடவேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அங்கி வெளுக்குற விசயமா ஐயா?" என்று கேட்டார். அதுவும் இருக்கிறது சாமி என்றேன். அடுத்த டிசம்பரில் நீ வா என்று நான் கேட்கப்போவதில்லை. அதைக் கேட்கிற உரிமையைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டேன். வரவேண்டும் என்று உனக்குத் தோன்றினால், வாசலில் யாரும் உன் சட்டையைப் பார்த்து எதுவும் கேட்காத ஊராக இது இருக்கவேண்டும், அதுதான் எனக்கு வேண்டும். பங்கு மடல் கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்ததும் அதே மணிக்கூண்டுப் பக்கம் நின்றுதான் கொடுப்பார்கள். சவரிமுத்து வாங்குவார், கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர்வரைக்கும் படிக்கிற மனுஷன் அவர். அவர் மகன் படிப்பான். உன்னைக் கேட்டுச் சிரித்தவர்கள் படிப்பார்கள். இந்தத் தடவை நான் உள்ளே போய் ஒளிந்துகொள்ளாமல் அவர்களோடு வாசலில் நிற்பேன். அன்றைக்கு அதே இடத்தில், சவரிமுத்து கேட்டவுடனே, உன் தோளில் கையை வைத்துக்கொண்டு நான் சத்தமாகச் சொல்லியிருக்கவேண்டியதும் சொல்லாமல் விட்டதும் இதுதான்:

"எம் மகன் எடுக்கல மச்சான். அது ஒங்க சட்டைன்னு அவனுக்குத் தெரியாது. நாந்தான் எடுத்துப் போட்டுவிட்டேன்."